பறவைக் காப்பாட்சியர் வேலை: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சேலத்துக்காரன். இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றில் பறவைப் பிரிவின் காப்பாட்சியராக இருக்கிறேன். விடுமுறையில் ஊருக்கு வந்தால் கல்யாணப் பந்தியிலும், ஏற்காட்டில் உறவுக்காரர் காப்பித் தோட்டத்திலும், பேருந்தில் பக்கத்து இருக்கையிலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. பதில்களை எழுதி வைத்துவிட்டால் அடுத்த பந்தியிலாவது சோறு ஆறுவதற்குள் சாப்பிடலாம்.

குரும்பப்பட்டி பூங்கா மாதிரி இடத்திலா வேலை? பறவைகளுக்குத் தீனி வைப்பீர்களா?

இல்லை. குரும்பப்பட்டியில் இருப்பது உயிரியல் பூங்கா. என் பொறுப்பில் இருப்பவை எல்லாம் உயிரற்ற பறவைகள்: தோல், எலும்புக்கூடு, முட்டை, கூடு, சாராயத்தில் ஊறும் முழு உடல், குளிர்பெட்டியில் இருக்கும் சின்னச் சின்னத் தசைத் துண்டுகள். அவற்றைக் கெடாமல் காப்பது, எது எங்கே இருக்கிறது என்று பதிவேடு வைப்பது, ஆராய்ச்சிக்கு வருபவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது, புதிதாக வருபவற்றைப் பாடம் செய்து சேர்ப்பது. பாதி நாள் மேசையில் உட்கார்ந்து கணினியைப் பார்ப்பதிலேயே போய்விடும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கிளையில் உட்கார்ந்திருக்குமே, அதுதானே?

அது காட்சிக்கு. உள்ளே கம்பி, கண்ணுக்குக் கண்ணாடிக் குண்டு, பறவை உயிரோடிருப்பது போன்ற தோரணை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஓர் அருங்காட்சியகத்தின் பறவைகளில் மிகச் சிறு பங்குதான் காட்சிக்கு வரும். மற்றதெல்லாம் பூட்டிய அறையில், இரும்பு அலமாரிகளின் இழுப்பறைகளில் படுத்திருக்கும்.

அப்படிப்பட்ட இழுப்பறை ஒன்றைத் திறந்தால் பலருக்கு முதலில் ஏமாற்றம்தான். வரிசையாக மல்லாந்து கிடக்கும் பறவைகள். சிறகு உடம்போடு ஒட்டியிருக்கும், அலகு நேராக நீண்டிருக்கும், கண் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கும், குறுக்காகக் கட்டிய கால்களில் ஒரு சீட்டு தொங்கும். இதை ஆய்வுத் தோல் என்போம். அழகுக்காகச் செய்வதில்லை, அளக்க, ஒப்பிட, இடத்தை அடைக்காமல் அடுக்கச் செய்வது. மல்லாக்க வைப்பதற்கும் காரணம் உண்டு. மார்பு, வயிற்றின் நிறத்தை ஒரே பார்வையில் ஒப்பிட்டுவிடலாம்.

ஒரே சின்னான் குருவியை நூறு வைத்து என்ன செய்வது?

இந்தக் கேள்வியை அதிகாரிகளும் கேட்பார்கள், நிதி ஒதுக்கும் நேரத்தில்.

ஒன்றை வைத்துக்கொண்டால் அந்த ஒன்றைப் பற்றித்தான் பேச முடியும். ஆண், பெண், குஞ்சு, இறகுதிர்க்கும் பருவம், மலை, சமவெளி, 1880, 1930, 2020 என்று இருந்தால்தான் மாற்றம் தெரியும். என்ன தெரியும் என்பதை முன்கூட்டியே யாரும் சொல்ல முடியாது. பிரிட்டனில் பல தலைமுறைகளாக முட்டை சேகரித்தவர்கள் பூச்சிமருந்தைப் பற்றி நினைத்திருக்கவே மாட்டார்கள். ஆனால் டெரெக் ராட்கிளிஃப் என்பவர் அந்தப் பழைய முட்டைகளை அளந்துதான், பைரி வல்லூறுகளின் முட்டையோடு 1940களின் பிற்பகுதியிலிருந்து திடீரென மெலிந்துவிட்டது என்று 1967இல் காட்டினார். காரணம் டிடிடி என்ற பூச்சிமருந்து. அதேபோல அமெரிக்காவில் இரண்டு பேர், தொழிற்சாலைப் பகுதிகளில் 135 ஆண்டுகளாகச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவைத் தோல்களின் வெள்ளை வயிற்றில் படிந்த கரியை அளந்து, எந்தக் காலத்தில் காற்று எவ்வளவு அழுக்காக இருந்தது என்று 2017இல் சொன்னார்கள். கரியைச் சேகரிக்கிறோம் என்று நினைத்து யாரும் அந்தக் குருவிகளைச் சேகரிக்கவில்லை.

இப்போதுதான் நல்ல கேமரா இருக்கிறதே, படம் போதாதா?

எந்தப் பறவை, எங்கே, எப்போது என்பதற்குப் படம் போதும். பல நேரம் படமே மேல். படத்தைக் கீறி மரபணு எடுக்க முடியாது, இறகில் பாதரசம் எவ்வளவு என்று பார்க்க முடியாது. நூறாண்டு பழைய தோலின் கால்விரல் அடிச்சதையில் கடுகளவு சீவினால் இன்றைக்கும் மரபணு கிடைக்கிறது.

ஒரு பறவையை எப்படிப் பாடம் செய்கிறீர்கள்?

முதலில் கத்தியைத் தொடுவதில்லை. எடை, சிறகின் நீளம், வால், கணுக்கால், அலகு அளப்போம். பிறகு கண்ணின் நிறம், காலின் நிறம், வாய்க்குள் இருக்கும் நிறம். இவை சில மணி நேரத்திலேயே மங்கத் தொடங்கும், காய்ந்தபின் சுத்தமாகப் போய்விடும். எழுதாமல் விட்டால் திரும்பக் கிடைக்காது.

நெஞ்செலும்பின் நடுவிலிருந்து ஆசனவாய் வரை தோலை மட்டும் கீறுவோம். சதையில் பட்டால் ரத்தமும் கொழுப்பும் இறகில் ஏறும். அதனால் மக்காச்சோள மாவைத் தூவித் தூவித்தான் வேலை. விரல் நுனியால் தோலை இரண்டு பக்கமும் விலக்கி, முழங்காலை வெளியே தள்ளி அங்கே நறுக்குவோம். கால் எலும்பு தோலோடு தங்கிவிடும். வாலடியிலும் அப்படியே. அப்புறம் சட்டைக் கையை உள்புறமாகத் திருப்பிக் கழற்றுவது போல, தோலைத் தலையை நோக்கி உரித்துக்கொண்டே போகவேண்டும். சிறகெலும்பையும் மண்டையோட்டையும் விட்டுவைத்து, மூளையையும் கண்ணையும் எடுத்து, வெண்காரம் தடவி, திரும்ப வெளிப்பக்கமாகப் புரட்டுவோம். மரங்கொத்தி இங்கே தகராறு செய்யும். கழுத்து ஒல்லி, தலை பெரிது, தோல் தலையைத் தாண்டாது. பின்மண்டையில் தனியாக ஒரு கீறல் போடவேண்டும். புறாவுக்கு வேறு பிரச்சினை. தோல் மெல்லிசு, கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் இறகு கொத்தாகக் கையோடு வரும்.

உடல் தனியாக வந்ததும் அதைத் திறந்து பார்ப்போம். ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்வது அங்கேதான். பெரும்பாலான பறவைகளில் இடப்பக்கச் சூலகம் மட்டுமே வளர்ந்திருக்கும். இரைப்பையில் என்ன இருந்தது, கொழுப்பு எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்வோம். ஒரு துண்டுத் தசை குளிர்பெட்டிக்குப் போகும். பிறகு ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, எடுத்த உடலின் அளவுக்கே உருட்டி, தோலுக்குள் வைத்துத் தைத்து, இறகைக் கோதி, பலகையில் ஊசிகளுக்கு நடுவே காயவைப்பது. சிட்டு அளவுள்ள பறவைக்குக் கை பழகியவருக்கு ஒரு மணி நேரம் போல ஆகும். கழுகு என்றால் அந்த நாளே போச்சு.

நாற்றம் அடிக்காதா?

புதிதாக இருந்தால் அவ்வளவாக இல்லை, கறிக்கடை வாசனைதான். அழுக ஆரம்பித்ததை எலும்புக்கூடாக்க அனுப்பிவிடுவோம். தோல்வண்டுகளை ஒரு பெட்டியில் வளர்த்து, சதையை அவற்றுக்கு விட்டுவிட்டால் எலும்பைச் சுத்தமாக்கித் தந்துவிடும். அந்தப் பெட்டி இருக்கும் அறையைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் கேட்காதீர்கள்.

காலில் கட்டும் அந்தச் சீட்டில் என்ன இருக்கிறது?

எங்கே, எப்போது, யார் எடுத்தது, ஆணா பெண்ணா, அளவுகள், பதிவு எண். இவ்வளவுதான். ஆனால் எங்கள் வேலையின் மதிப்பே அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. சீட்டு அறுந்து தொலைந்தால் எவ்வளவு அழகான தோலும் வெறும் இறகுப் பொட்டலம்.

பொய்ச் சீட்டு என்றால் அதைவிட மோசம். மத்திய இந்தியாவில் ஃபாரஸ்ட் அவ்லெட் என்ற சிறு ஆந்தை உண்டு. 1880களுக்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக அதை யாரும் பார்த்ததாக நம்பகமான பதிவு இல்லை. ஒரே விதிவிலக்கு, 1914இல் குஜராத்தில் எடுத்ததாகக் கர்னல் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற பிரிட்டிஷ் பறவைச் சேகரிப்பாளர் சீட்டு எழுதிய ஒரு தோல். அதை நம்பித் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பமேலா ராஸ்முசன் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் அந்தத் தோலை நுணுக்கமாக ஆராய்ந்தபோது விஷயம் வெளிவந்தது. ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் 1880களில் எடுத்த தோலை அருங்காட்சியகத்திலிருந்து திருடி, உள்ளே இருந்த பஞ்சை மாற்றி, புதுச் சீட்டு கட்டியிருக்கிறார் கர்னல். பொய்ச் சீட்டை ஒதுக்கிவிட்டு, உண்மையான பழைய சீட்டுகள் சொன்ன இடங்களுக்குப் போனார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாடா அருகே ஆந்தை உயிரோடு உட்கார்ந்திருந்தது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பறவைகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றனவா?

இருக்கின்றன, ஊரில் இல்லை. ஆர்தர் வெர்னே என்ற பழம்பொருள் வியாபாரி பணம் கொடுக்க, 1929-30இல் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒரு பறவைக் கணக்கெடுப்பு நடந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பாளர் லா பர்சோன் நம் சேர்வராயன் மலையிலும் சித்தேரி மலையிலும் முகாம் போட்டுப் பறவைகளைச் சேகரித்தார். ஹியூ விஸ்லரும் நார்மன் கினியரும் அந்தத் தோல்களை ஆராய்ந்து 1930 முதல் பல பகுதிகளாக அந்தக் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார்கள். தோல்கள் லண்டனுக்கும் பம்பாய்க்கும் போய்ச் சேர்ந்தன. லண்டனுக்குப் போனவை இன்றைக்கு இங்கிலாந்தின் டிரிங் என்ற சிற்றூரில் உள்ள பறவைக் கிடங்கில் இருக்கும். பிரிட்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைகள் எல்லாம் 1970களின் தொடக்கத்தில் அங்கே மாற்றப்பட்டன. ஹியூம் என்ற ஆங்கில அதிகாரி 1885இல் கொடுத்த அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் பறவைத் தோல்களும் அங்கேதான்.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. காப்பித் தோட்டம் பெருகுவதற்கும், சில்வர் ஓக் மரங்கள் வரிசை கட்டுவதற்கும், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கார்கள் நெருக்குவதற்கும் நடுவில் இந்த மலை எவ்வளவோ மாறிவிட்டது. தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய நிலைக்குச் சான்று இருக்கிறது. இன்றைய நிலைக்குச் சான்றாகத் தோலோ தசைத் துண்டோ சேர்ப்பவர் அநேகமாக யாரும் இல்லை. மஞ்சள்தொண்டைச் சின்னானை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்டன் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் 1845இல் விவரித்த பறவை. தென்னிந்தியாவின் பாறைக் கரடுகளையும் புதர்க்காட்டையும் விட்டு வேறெங்கும் இல்லை. அழிவாய்ப்புள்ள இனம் என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். நம் மலைச் சரிவிலும் அது உண்டு. ஒவ்வொரு குன்றிலும் இருக்கும் கூட்டம் தனித்தனியாகப் பிரிந்துவிட்டதா, கலந்துகொண்டிருக்கிறதா என்ற கேள்விக்கு, கல் குவாரி வந்து ஒரு கரடே போனபின் பதில் தேட முடியாது.

இன்னமும் பறவைகளைச் சுடுகிறீர்களா?

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் சிறப்பு அனுமதி இல்லாமல் ஆராய்ச்சிக்குக்கூட ஒரு குருவியைப் பிடிக்க முடியாது. அனுமதி சுலபத்தில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. எங்களுக்கு இப்போது வருபவை பெரும்பாலும் வண்டியில் அடிபட்டவை, மின்கம்பியில் மாட்டியவை, கண்ணாடியில் மோதியவை, மீட்பு மையத்தில் பிழைக்காதவை.

அது போதுமா என்றால், சிகாகோவைப் பாருங்கள். அங்கே ஃபீல்டு அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த டேவிட் வில்லார்ட், பக்கத்தில் இருந்த மாநாட்டுக் கட்டடத்தின் கண்ணாடியில் மோதி விழுந்த பறவைகளை 1978 முதல் பொறுக்கிக்கொண்டு வந்து ஒவ்வொன்றையும் தன் கையால் அளந்தார். 2016 வரை சேர்ந்த 70,716 பறவைகளை வைத்து, கால் எலும்பு சுமார் 2.4 சதவீதம் குட்டையாகியிருக்கிறது, சிறகு சற்று நீண்டிருக்கிறது என்று கண்டார்கள். பூமி சூடாவதோடு இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. குப்பையில் போக வேண்டிய பறவைகள் அத்தனையும்.

வீட்டு ஜன்னலில் மோதி ஒரு வண்ணப் பறவை விழுந்துவிட்டது. என்ன செய்வது?

செப்டம்பர், அக்டோபரில் இந்தக் கேள்வி வந்தால் பெயரைக் கேட்காமலே ஊகித்துவிடலாம்: ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, கறுப்புக் கண்பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு, கட்டை வால். வடக்கே கூடுகட்டிவிட்டு இரவில் பறந்து தெற்கே வரும். களைத்துப் போய் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து வீட்டுக்குள் புகுந்துவிடும், இல்லையென்றால் கண்ணாடியில் மோதும்.

உயிர் இருந்தால் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்து, மூடி, அமைதியான இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டவேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் மரத்தடியில் திறந்துவிடலாம். சிறகு தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

செத்திருந்தால் அது அரசின் சொத்து. சட்டப்படி 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். நீங்களே பாடம் செய்து ஷோகேஸில் வைக்கக் கூடாது. எந்த இடம், எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுத்தால், அது அருங்காட்சியகத்துக்கு வந்து சேரும் நாளில் பயன்படும். அப்புறம், அந்தக் கண்ணாடியின் வெளிப்பக்கம் இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளியோ கோடோ ஒட்டுங்கள். நடுவில் ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டுவதால் பயனில்லை.

எஸ்டேட் பங்களாவில் தாத்தா காலத்துப் பாடம் செய்த காட்டுக்கோழி இருக்கிறது. நல்ல விலை கிடைக்குமா?

விலை பேசாதீர்கள், அது குற்றம். வனத்துறை கொடுத்த உரிமைச் சான்று இருக்கிறதா என்று முதலில் வீட்டுப் பத்திரங்களில் தேடுங்கள். இல்லையென்றால் வனத்துறையிடம் பேசுவதுதான் வழி. இரண்டாவது, குழந்தைகளைத் தொடவிடாதீர்கள். அந்தக் காலத்தில் தோலுக்கு ஆர்சனிக் சோப்புதான் பூசுவார்கள். பூச்சி வராது, ஆனால் அந்த நஞ்சு இன்றைக்கும் இறகில் இருக்கும். நாங்களே கையுறை போட்டுத்தான் பழைய தோலைத் தொடுவோம்.

எங்களுக்குப் பயன்படுமா என்பது, எங்கே எப்போது சுட்டது என்ற விவரத்தைப் பொறுத்தது. தாத்தாவின் வேட்டை நோட்டு பரணில் இருந்தால் கோழியைவிட அதுதான் எனக்கு முக்கியம்.

மயிலிறகு வைத்துக்கொள்ளலாமா?

தானாக உதிர்ந்த தோகை இறகுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. காவடிக்குப் பயம் இல்லை. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

எதற்குத்தான் அதிகம் பயப்படுவீர்கள்?

பூச்சி, ஈரம், தீ, திருடன். பூச்சி தினசரிப் பயம். எள்ளளவு வண்டின் புழு ஓர் இழுப்பறையையே தூளாக்கிவிடும். புதிதாக வரும் எதையும் ஓரிரு வாரம் உறைகுளிரில் போட்டுத்தான் உள்ளே விடுவோம். வெறும் பாச்சை உருண்டையை நம்பிய காலம் போய்விட்டது. தீ என்றால் டெல்லி தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், 2016 ஏப்ரல் 26. ஒரே இரவில் போய்விட்டது.

திருட்டு வேறு மாதிரி. 2009இல் டிரிங் கிடங்கின் ஜன்னலை உடைத்து ஓர் இசைக் கல்லூரி மாணவர் 299 தோல்களை எடுத்துக்கொண்டு போனார். எதற்குத் தெரியுமா? மீன் தூண்டிலில் கட்ட இறகால் போலிப் பூச்சி செய்பவர்களுக்கு விற்க. அந்தக் கைவினைக்காரர்களுக்கு நம் மலையின் சாம்பல் காட்டுக்கோழிக் கழுத்திறகு மேல் எவ்வளவு மோகம் என்பது எஸ்டேட்காரர்களுக்கே தெரியாது. போலீஸ் பிடித்தபோது 174 தோல்கள் முழுதாக இருந்தன. அவற்றில் 102இல்தான் சீட்டு இருந்தது. மீதியை மீட்டும் மீட்காத கணக்குதான்.

இந்த வேலைக்கு என்ன படிக்கவேண்டும்?

விலங்கியலிலோ வன உயிரின உயிரியலிலோ முதுகலை. பெரிய இடங்களில் முனைவர் பட்டம் எதிர்பார்ப்பார்கள். மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி, டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம் இரண்டும் வன உயிரினப் படிப்புக்குத் தெரிந்த பெயர்கள். தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களின் காப்பாட்சியர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி அறிவிப்பைக் கவனிக்க வேண்டும். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வகம் 1916இல் தொடங்கியது, அதற்குச் சென்னையில் மண்டல மையம் உண்டு. மேலே சொன்ன பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1883 முதல் இருக்கிறது.

இடங்கள் குறைவு. ஒருவர் ஓய்வு பெற்றால்தான் ஒரு நாற்காலி காலியாகும், அதையும் சில இடங்களில் நிரப்பாமல் வைத்திருப்பார்கள். இதை மறைத்து உங்கள் பிள்ளையை ஆசைகாட்ட எனக்கு மனமில்லை. சாலிம் அலிக்கே பட்டம் இல்லை என்று விலங்கியல் ஆய்வகத்தில் வேலை கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கிச் சொல்லும் பணியில்தான் சேர்ந்தார், பிறகு பெர்லின் போய் ஸ்ட்ரெஸ்மன் என்ற பறவையியலாளரிடம் தோல் வேலை கற்றார். இன்றைக்குப் பட்டம் இல்லாமல் உள்ளே வரவே முடியாது. ஆகவே படிப்பை விடவேண்டாம்.

சம்பளம்?

அரசு இடம் என்றால் அரசுச் சம்பளம். திட்ட வேலை என்றால் திட்டம் முடியும்வரை.

என் மகள் எட்டாவது படிக்கிறாள், பறவைப் பைத்தியம். இப்போதே என்ன செய்யலாம்?

இறகு, முட்டை, கூடு சேர்க்க விடாதீர்கள், சட்டம் இடம் தராது. கண்ணன்குறிச்சி மூக்கனேரிக்குக் காலையில் கூட்டிப்போங்கள். ஏற்காட்டில் படகுத்துறைக் கூட்டத்தை விட்டு, தோட்டத்து ஓரச் சாலையில் நடக்கவிடுங்கள். நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். தேதி, நேரம், இடம், வானிலை, எத்தனை, என்ன செய்தது. பெயர் தெரியாவிட்டால் பெயரை விட்டுவிட்டு மற்றதை எழுதட்டும். ‘ஏற்காடு’ என்று மட்டும் எழுதாமல், எந்த ஊர், எந்தத் தோட்டத்துப் பக்கம், மேட்டிலா பள்ளத்திலா என்று எழுதப் பழக்குங்கள். நூறு வருஷத்துப் பழைய சீட்டுகளில் எங்களைத் திண்டாட வைப்பது, மலையின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போனவர்கள்தான். பேனா வேண்டாம், பென்சிலே போதும். மலை மழையில் நோட்டு நனைந்தாலும் எழுத்து கரையாது.